ஓசூரில் ஒரு புதுக்குடித்தனம்

தை மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள நம் ஊரில், தங்கையின் வீட்டு வாசலில், 'குட்டி யானை' என்று மக்கள் செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. திருவருகைக் காலம் முடிந்து, திருக்காட்சித் திருவிழாவும் கழிந்த மறுவாரத்தில் தங்கை மகளின் திருமணம் நம் பங்குக் கோவிலில் இனிதே நிறைவேறியிருந்தது. மாப்பிள்ளை ஓசூரில் ஓர் உதிரிப்பாகத் தொழிற்கூடத்தில் பணி செய்கிறவர். இரண்டாம் மாடியில் ஒரு வீடு பிடித்திருப்பதாகச் சொன்னார். அந்த வீட்டில் மணமக்களைக் குடியமர்த்தி வரும் பொறுப்பு தாய்மாமன் என்ற உரிமையால் நம் மேல் விழுந்தது.

வண்டியில் ஏறிய பொருள்களைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் ஏறியது ஆளுயரத்திற்கும் மேற்பட்ட இரும்புப் பீரோ. அது நாம் கொடுத்த தாய்மாமன் சீர். அடுத்துத் தேக்குக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர், மிக்ஸி, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் மூன்று சாக்கு, பித்தளைக் குடம் இரண்டு, குத்துவிளக்கு ஒன்று, அன்பளிப்பாக வந்த சுவர்க்கடிகாரங்கள் ஐந்து. கொசுவலையும் நின்று சுழலும் மின்விசிறியும் மேலே செருகப்பட்டன. தெருவே கூடி நின்று பார்த்தது. நம் தங்கை முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நின்றாள். அந்தக் கழுத்தில் இருந்திருக்க வேண்டிய இரட்டைவடச் சங்கிலி நகரத்து அடகுக் கடையில் இருந்தது. அது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "பெண்ணை வெறுங்கையோடு அனுப்பலாமா?" என்று முதன்முதலில் கேட்டவர்களும் நாமே.

மணமக்களும் நம் இல்லாளும் பேருந்தில் புறப்பட, நாம் ஓட்டுநரின் அருகே அமர்ந்தோம். திண்டுக்கல்லிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரே சாலைதான். கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஊர்களை மாலைபோல் கோத்துக்கொண்டு போகிறது. நம் இளமையில் இது 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. காசி நகரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சாலை என்று பள்ளியில் படித்தோம். இன்று அதற்கு எண் 44, தொடக்கம் ஸ்ரீநகர். இப்போது இச்சாலையில் இரவெல்லாம் போவோர் தொழிற்சாலைகளை நாடிப் போகிற இளைஞர்களே. சேலத்தைத் தாண்டித் தொப்பூர்க் கணவாய் ஏறும்போது ஓட்டுநர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். எதிரே இறங்கி வரும் லாரிகள் தடுப்பு தவறி மோதும் விபத்துகளுக்குப் பேர்போன இடம் அது. பின்னால் நம் பீரோ கடகடவென்று ஆடியது.

கிருஷ்ணகிரியை அடைந்தபோது விடியக் கொஞ்ச நேரமே இருந்தது. சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை இங்கேதான் வந்து கலக்கிறது. 2004 பிப்ரவரி வரை இது தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதி. அதன்பின் தனி மாவட்டம். சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். கோடையில் இங்குள்ள ஆலைகள் மாம்பழத்தைக் கூழாக்கி நாடு நாடாக அனுப்புகின்றன. இன்னொரு பக்கம் கருங்கல் பாளங்களை ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சூளகிரியின் கூரிய மலைமுடி கண்ணில் பட்ட நேரத்தில் குளிர் தொடங்கியது. ஓசூர் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் அதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடியதாகச் சொல்வார்கள். நம் வண்டியிலோ மின்விசிறி இருந்தது, கம்பளி இல்லை. ஓட்டுநர் தம் தலைத்துண்டை அவிழ்த்து நமக்குக் கொடுத்தார்.

'ஹொஸ' என்றால் கன்னடத்தில் புதியது. 'ஹொஸ ஊரு' என்பதே ஓசூர் ஆயிற்று, புத்தூர் என்று பொருள் என்பர். பெயருக்கேற்றபடி, அந்த ஊரில் இன்று புதிதாக வந்தவர்களே மிகுதி. தமிழ்நாட்டு அரசு 1971இல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டிலேயே பெங்களூருக்கு 40 கிலோமீட்டர் இப்பால் இருந்த இச்சிற்றூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலண்டு லாரி ஆலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. 1984இல் டாட்டா குழுமமும் அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அண்மைக் காலத்தில் கெலமங்கலம் பக்கம் எழுந்துள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைப்பேசிப் பாகங்கள் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஜார்க்கண்ட் மாநிலப் பழங்குடிப் பெண்கள்கூட 2022இல் தொடர்வண்டி ஏறி இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

டைட்டனின் தொடக்க நாள்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பெற்றோர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. அதன் முதல் தலைவர் ஜெர்க்ஸஸ் தேசாய், அனுபவம் மிக்க தொழிலாளரைத் தேடாமல், பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து தெரிந்தெடுத்தார். பெற்றோரைப் பிரிந்து, ஊரறியாத இடத்தில், சோறு வடிக்கவும் தெரியாத பிள்ளைகள் எப்படி வாழ்வார்கள்? நிறுவனமே ஓசூரில் வீடுகளை ஏற்பாடு செய்து, அவர்களோடு வாழ்ந்து வழிகாட்ட வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தியது. கடிகாரப் பல்சக்கரங்களைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தவர்கள், வீடு நடத்தவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உணர்ந்திருந்தார்கள். எல்லா ஆலைகளும் அப்படிச் செய்வதில்லை. நம் பிள்ளைகளுக்கு நாமேதான் சொல்லித்தர வேண்டும். ஆனால், நமக்கே தெரிந்திருந்ததா என்பது அன்று காலை எட்டு மணிக்குத் தெரிந்துபோயிற்று.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. மூன்று அடுக்குக் கட்டடம். அடுக்குக்கு நான்கு குடித்தனம். மாடிப்படி வெளிப்புறமாக, இரண்டரை அடி அகலத்தில், நடுவில் ஒரு திருப்பத்துடன் ஏறியது. நால்வர் சேர்ந்து பீரோவைத் தூக்கினார்கள். முதல் மாடித் திருப்பம் வரை ஏறியது. அதற்குமேல் நிமிர்த்தினால் தளம் இடித்தது. சாய்த்தால் கைப்பிடிச் சுவர் இடித்தது. முக்கால் மணி நேரம் நாம் கீழே நின்று, "இப்படித் திருப்புங்கள், அப்படித் திருப்புங்கள்" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். இரவுப் பணி முடித்துத் தூங்க வந்த ஓர் இளைஞர் மேலே ஏற முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பீரோ கீழே இறங்கியது. ஒரு பக்கத்துக் கதவில் கையகலம் பள்ளம்.

கட்டில் பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றப்பட்டது. ஏற்றி, பூட்டி, போட்டும் பார்த்தார்கள். அந்த வீடு ஒரே அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கட்டிலைப் போட்டால் சமையலறைக் கதவு திறக்கவில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு இடம் கிடைத்தது, கிரைண்டருக்குக் கிடைக்கவில்லை. மூன்று சாக்குப் பாத்திரங்களை வைக்க ஒரே ஒரு பரண்தான். நம் தங்கை மகள் எவர்சில்வர் அண்டாவின் மேல் அமர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மாமா, வீட்டின் அளவை நான் முன்பே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்று சும்மா இருந்துவிட்டேன்."

நாமும் கேட்கவில்லையே! வாசலின் அகலம் என்ன, படி எப்படி, எத்தனை மின் இணைப்பு முனைகள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். திருமண மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று மட்டும் மும்முறை விசாரித்திருந்தோம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மூதாட்டி உள்ளே வந்தார். தெலுங்கு பேசுகிறவர், கன்னடமும் கலந்து வரும், தமிழ் புரியும். நம் இல்லாள் தமிழில் பேச, அவர் தெலுங்கில் பதில் சொல்ல, இருவரும் நெடுநேரம் உரையாடினார்கள். எவ்வளவு புரிந்தது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். புதுவீட்டிற்குள் முதலில் கொண்டு செல்ல வேண்டிய உப்பை நம் இல்லாள் அஞ்சறைப்பெட்டியோடு துணிப்பையில் வைத்திருந்தார். பைக்குள் கையை விட்டு அவர் "உப்பு" என்றதும் மூதாட்டி சிரித்தார். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது உப்புதான். அரிசி அப்படியல்ல, அங்கே 'பிய்யம்', இங்கே 'அக்கி'. பாலும் ஏறக்குறைய ஒன்றே: 'பாலு', 'ஹாலு'. கம்பளிக்கும் மூன்று மொழியிலும் கம்பளி என்றே பெயர். இந்தக் கடைசிச் சொல்லை நாம் அன்றிரவு கற்றுக்கொண்டோம். கொசுவலையையும் திருமணப் பட்டுச்சேலைகளையும் போர்த்திப் படுத்த நம்மைக் கண்டு அந்த அம்மையார் தம் வீட்டுக் கம்பளிகள் இரண்டைக் கொண்டுவந்து போட்டார். தங்கை மகள் அன்று முதல் அவரை 'அவ்வா' என்று அழைக்கலானாள். அந்தப் பக்கத்தில் பாட்டிக்கு அதுவே பெயர்.

மாலையில் பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். பால் காய்ச்ச வேண்டும். அடுப்பு இருந்தது, எரிவாயு இல்லை! திண்டுக்கல் முகவரியில் இருக்கும் இணைப்பை மாற்ற நாளாகும். இதற்கும் அவ்வாவின் மகன்தான் வழி சொன்னார். ஐந்து கிலோ எடையுள்ள சிறிய உருளைகள் விற்கப்படுகின்றன. முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை ஒன்று போதும். இந்தியன் ஆயில் நிறுவனம் இதற்கு 'சோட்டு' என்று பெயர் வைத்திருக்கிறது. வேலை தேடி வந்த பிள்ளைகளுக்கு முதல் மாதம் இது கைகொடுக்கும். வழக்கமான 14.2 கிலோ உருளை வந்த பிறகும் ஆபத்துக்கு உதவும். உருளையைப் படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர்க் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு குளிருக்கு அடுப்பு மூட்டி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கே உலை வைக்கும் பழக்கம் அது.

அந்தப் பகுதிக் குடித்தனத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் யோசிக்க வேண்டியது தண்ணீர். நாம் இரண்டு பித்தளைக் குடங்களோடு பெருமையாய்ப் போனோம். அவற்றில் எந்தத் தண்ணீரைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறைகளில் புளோரைடு என்னும் உப்பு கலந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கத் தகாது என்பது நம் நாட்டு அளவுகோல். மிகுந்தால், வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழுகிறது. ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்துபோகிறது. நீரைப் பார்த்தாலும் தெரியாது. குடித்துப் பார்த்தாலும் தெரியாது. அதுவே இதன் கொடுமை.

இங்கே நம் குடும்பங்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் எல்லாத் தீமையும் போய்விடும் என்று நம்புகிறோம். கிருமி சாகும், மெய்தான். புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சியதில் அதன் செறிவு கூடவே செய்யும். மெழுகுவர்த்தி போன்ற வடிகட்டி வைத்த எவர்சில்வர்ப் பானையும் அதைப் பிடிக்காது. செம்புக் குடமும் பிடிக்காது. இதற்காகவே சப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் காவிரி நீர் இவ்விரு மாவட்டங்களுக்கும் வரத் தொடங்கியது. ஆகவே, வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவர் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன், "குடிக்க ஒகேனக்கல் நீர் வருகிறதா? எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? வந்தால் மாடிக்கு ஏறுமா?" என்று கேட்டுவிட வேண்டும். வராத இடத்தில் ஆர்.ஓ. கருவியோ, நம்பகமான இருபது லிட்டர் கேன் நீரோ வேண்டும். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம், சாக்கடைக்கு விடுவானேன்?

நம் பிள்ளைகளின் வீட்டில் ஒகேனக்கல் நீர் கீழ்த்தளக் குழாயில் மட்டும், அதுவும் சில நாள்களுக்கு ஒருமுறை வந்தது. இரண்டு மாடி சுமக்க வேண்டும். நிறைந்த பித்தளைக் குடத்தை முதல் மாடி வரை கொண்டுபோன நம் இல்லாள் அங்கேயே இறக்கி வைத்துவிட்டார். மறுநாள் உழவர் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் மூடியுள்ள பிளாஸ்டிக் குடங்கள் நான்கும், ஐம்பது லிட்டர் தொட்டி ஒன்றும், வாளி இரண்டும் வாங்கினோம். பித்தளைக் குடங்கள் பீரோவோடு போய்ச் சேர்ந்தன.

ஆற்று நீரைப் பற்றியும் ஒரு சொல். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் சில நாள்களில் வெண்ணுரை பொங்க நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்த நாம் முதலில் அதைப் பனி என்று நினைத்தோம்.

மாப்பிள்ளைக்கு வாரத்திற்கு ஒருமுறை மாறும் ஷிப்ட். இரவுப் பணி வாரத்தில் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார். சன்னலில் கிழக்கு வெயில் நேராக அடிக்கிறது. மூன்று நாள் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். நம் இல்லாள் கடையில் கறுப்புத் திரைத்துணி நான்கு கெசம் வாங்கி, கையாலேயே ஓரம் தைத்துக் கயிற்றில் கோத்துக் கட்டினார். அதற்கு ஆன செலவு ஒரு சுவர்க்கடிகாரத்தின் விலைகூட இல்லை. ஷிப்ட் குடும்பங்களில் பகல் தூக்கம் கெட்டால் உடம்பு கெடும். இயந்திரத்தின் முன் நிற்பவர் கண் அயர்ந்தால் விரலே போகும். சீர்வரிசைத் தட்டில் திரைச்சீலை வைத்த தாய்மாமனை நாம் இதுவரை கண்டதில்லை.

இரவில் அவர் பணிக்குப் போனால் பெண் தனியாக இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் ஒரு பழைய பூட்டைக் கொடுத்திருந்தார். அதன் சாவிகள் முன்பு குடியிருந்தவர்களில் யார் யாரிடம் இருக்கின்றனவோ? அப்போது தங்கை மகள் தன் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். கனத்த திண்டுக்கல் பூட்டு. ஊர் புறப்படும்போது யாருக்கும் காட்டாமல் நம் தங்கை மகளின் கையில் வைத்தது. புவிசார் குறியீடு 2019இல் பெற்ற அந்தக் கைவினைப் பூட்டைத் தங்கை விலைகொடுத்து வாங்கவில்லை; அவள் கணவரின் தந்தை பூட்டுப் பட்டறையில் உழைத்தவர், அவர் கையால் செய்தது. வெளிக்கதவுக்கு அதுவும், உட்பக்கம் புதிதாக அடித்த நீளத் தாழ்ப்பாளும் ஆயின. ஏற்றிக்கொண்டு போன வண்டிச் சரக்கு முழுவதிலும் அந்த வீட்டுக்குச் சரியாகப் பொருந்தியது அதுதான் என்று சொல்லலாம்.

முன்பண விவகாரத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். அந்தக் காற்று எல்லை தாண்டி இங்கும் அடிக்கிறது. மாப்பிள்ளை தம் சேமிப்பையெல்லாம் அதற்கே கொடுத்திருந்தார். எழுத்து ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். நாம் உரிமையாளரிடம் போய்ப் பணிவாகவே பேசினோம். அவர் பணத்தைக் குறைக்கவில்லை. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட மட்டும் இசைந்தார். முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று மாதத்தோடு முடித்திருக்கலாம். மின்கட்டணத்திலும் கவனம் வேண்டும். வீட்டுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரை அரசு இலவசமாகத் தருகிறது. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை குடியிருப்பவரின் கைக்கு வருவதில்லை.

நான்காம் நாள் இரவு, புறப்படுவதற்கு முன், எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். தங்கை மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "மாமா, ஊரிலிருந்து வந்த பொருள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். யார் கொடுத்தது, விலை என்ன என்பதும் இருக்கிறது. நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்" என்றாள். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. உறவுக்குள் கணக்கா என்று கேட்கவும் வாய் வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பெண்களுக்கு யாரோ சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதன் கீழ் 1985இல் வகுத்த விதிகள், மணமக்களுக்குக் கொடுக்கப்படும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு, கொடுத்தவர் பெயர், உறவு, தோராய மதிப்பு ஆகியவற்றைக் குறித்து, இருவரும் கையொப்பமிட வேண்டும் என்கின்றன. யாரும் கேட்காமல் கொடுப்பதும்கூட, வழக்கத்தை ஒட்டியதாகவும், கொடுப்பவரின் பொருள்நிலைக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டுமாம்.

பொருள்நிலைக்கு மிஞ்சாதது! சங்கிலி இல்லாத கழுத்து கண்முன் வந்தது.

"கட்டில், கிரைண்டர், அண்டா, அன்பளிப்புக் கடிகாரங்கள் எதுவும் எங்களுக்கு இப்போது வேண்டாம், மாமா. திரும்பக் கொண்டுபோய், விற்கக் கூடியதை விற்று, அம்மாவின் சங்கிலியை மீட்டுக் கொடுங்கள். மீதிக்கு நான் மாதந்தோறும் அனுப்புகிறேன்" என்றாள். மாப்பிள்ளை தலையை அசைத்தார். அவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். மின்விசிறியை மட்டும் கோடைக்கு என்று நிறுத்திக்கொண்டார்கள்.

போன வண்டியையே மறுபடியும் வரவழைத்தோம். போக்குக் கூலியும் வரத்துக் கூலியும் சேர்ந்த தொகையைக் கணக்கிட்டால், அந்த வீட்டுக்கு நாம் புதிதாக வாங்கிய அத்தனை பொருளுக்கும் கொடுத்ததைவிட அதிகம். வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டவை இரண்டு பாய், இரண்டு கம்பளி, மூன்று லிட்டர் குக்கர், இரண்டு பர்னர் அடுப்பு, நாலைந்து பாத்திரம், சாப்பாட்டு அடுக்கு இரண்டு, நீர்க்குடங்கள், திரைத்துணி, பூட்டு. இவற்றில் பாதி கடைத்தெருவில் அரை மணி நேரத்தில் கிடைத்தது. கேழ்வரகுக் களி கிண்டும் துடுப்பை அவ்வா கொடுத்தார். நம் பெண் அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும்போது, விடிவதற்கு முன் தெருவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று ஓட்டுநரைத் துரிதப்படுத்தினோம். கோவில் மணி அடிப்பதற்குள் இறக்கிவிடலாம் என்பது நம் எண்ணம். கரூரில் சக்கரம் பழுதாகி, ஒன்பது மணிக்குத்தான் வந்து சேர்ந்தோம். தெருவே மறுபடியும் கூடி நின்றது. தங்கை இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. "ஊர் என்ன சொல்லும், அண்ணா?" என்ற ஒரே கேள்விதான். மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தோம். பக்கம் பக்கமாகப் படித்தாள். தன் பெயருக்கு எதிரே 'பூட்டு' என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் விலை போடாமல் விட்டிருந்தது.

சங்கிலி சித்திரை மாதத்தில் மீண்டு வந்தது. கட்டில் தங்கை வீட்டிலேயே இருக்கிறது. அவள் கணவரின் முதுகுவலிக்கு நல்லதாகப் போயிற்று. பள்ளம் விழுந்த பீரோவை யாரும் வாங்கவில்லை. அது நம் வீட்டு முன்னறையில் நிற்கிறது. பங்குப் பாடற்குழுவின் நோட்டுகளையும் ஆர்மோனியத்தையும் அதில் வைத்திருக்கிறோம். ஆவணியில் தங்கையின் இரண்டாம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு வேலை திருப்பெரும்புதூர்ப் பக்கமாம். வீட்டு வாசல் எத்தனை அடி என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.